உப்புத்தாளுக்கு அடியில்

அத்தியாயம் 6

நாலு மணிக்கு அந்தக் காரின் வாலை அறுத்துவிடுவார்கள். இப்போது மணி இரண்டு. அதற்குள் அது யாருடைய கார் என்று கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால், அது யாருடைய கார் இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த வேலையை ஏற்றுக்கொண்ட நேரத்திலிருந்து லொடக்குக்கு உறுத்திக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

லொடக்கு என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வாய் ஓயாதவன் என்பதால் மற்றவர்கள் வைத்தது. வயது முப்பத்து நாலு, கல்யாணமானவன், வீட்டில் பேச முறை கிடைக்காத குறையை வேலை நேரத்தில் தீர்த்துக்கொள்கிறவன். அவனுடைய முதலாளி கண்ணாடியம்மா. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. மூக்கில் இருப்பது தூரத்துக்கு, தலையில் இருப்பது கிட்டத்துக்கு. காணாமல் போன எத்தனையோ பேரைக் கண்டுபிடித்திருக்கிற அந்த அம்மாளுக்குத் தலையில் இருக்கும் கண்ணாடியைத் தேடித் தருவதும் லொடக்கின் வேலைகளில் ஒன்று.

"தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு நிறைய பேர் வருவாங்க. கிடைச்சதை இல்லைன்னு ஆக்கிக் குடுங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான்க்கா" என்று காலையிலேயே அவன் சொல்லிப் பார்த்தான். இந்தக் கேஸைக் கொண்டுவந்த மருந்துக்கடை அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்கும் நிலையில் இல்லை.

அவள் கதை இவ்வளவுதான். அவளுடைய அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, மூன்று வருஷம் பாடுபட்டு, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தானே கட்டினார். கூடவே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் மகன், அதாவது அக்காவின் அண்ணன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்த் தகராறு. "நீயும் போ, உன் வண்டியும் போகட்டும். ரெண்டும் என் கண்ணுல படக் கூடாது" என்று அப்பா கத்தினார். மகன் சொன்னபடியே செய்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் இன்று வரைக்கும் ஒரு கடிதம் போடவில்லை, ஒரு போன் செய்யவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பா இப்போது படுக்கையில். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, மீதிப் பாதியை அவருடைய பிடிவாதம் பார்த்துக்கொள்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்தப் பிடிவாதத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு நம்பிக்கை. "உயிரோட இருக்கிற வரைக்கும் அந்த ஸ்டியரிங்கை அவன் இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டான். வண்டி எங்கயும் விலைக்கு வரலைல்ல? அப்ப அவன் ஓட்டிட்டு இருக்கான்." தினமும் காலையில் காபியோடு இதைச் சொல்வார்.

நாலு நாளைக்கு முன்னால் மருந்துக்கடைக்கு வந்த பல் டாக்டர் ஒருவர், தான் போன வருஷம் வாங்கிய காரின் படத்தைக் காட்டிப் பெருமையடித்தார். அந்த உருண்டை வால் அக்காவுக்கு அப்பாவின் வண்டி வாலைப் போலவே பட்டது. படத்தை வாங்கி வந்து, யோசிக்காமல், "அப்பா, இது நம்ம வண்டி மாதிரியே இருக்கே" என்று உளறியும்விட்டாள். அவருக்குக் கண் மங்கல். படத்தில் ஏதோ சிவப்பாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் பிடிபடவில்லை. அன்றிலிருந்து அவர் காபியைத் தொடவில்லை. "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்ற ஒரே பேச்சு.

"அது எங்க வண்டி இல்லைன்னு சொல்லுங்க மேடம். ஆதாரத்தோட சொல்லுங்க. அப்பா லேசுல நம்ப மாட்டாரு" என்றாள் அக்கா.

"இருக்கிறதைத்தான் சொல்வேன்" என்றாள் கண்ணாடியம்மா.

இப்படித்தான் மூன்று பேரும் இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

தகரக் கூரை. தரையெல்லாம் வெள்ளைத் தூள். நடுவே நாலு மரக்கட்டைகளின் மேல், பாதிச் சிவப்பும் பாதி வெள்ளையுமாக, சொறி பிடித்தது போல அந்தக் கார் நின்றது. டிங்கர் மேஸ்திரியின் கைகள் முழங்கை வரைக்கும் பட்டி பூசி வெளுத்திருந்தன. காரை விட அவர்தான் அதிகமாகப் பட்டி பார்க்கப்பட்டவர் போலிருந்தார்.

"நாலு மணிக்குப் பல் டாக்டர் வருவாரு. அவர் கண் முன்னாடிதான் வாலை அறுக்கணும்னு உத்தரவு. இந்த உருண்டை வால் பிடிக்கலையாம். தூக்கின மாதிரி புது வால் வேணுமாம்" என்றார் மேஸ்திரி. "இது வெளிநாட்டுல பந்தயத்துக்குன்னு செஞ்ச வண்டி, உலகத்துலயே மூணுதான் இருக்குன்னு சொல்றாரு."

லொடக்கு ஏற்கெனவே காரின் அடியில் ஊர்ந்துபோயிருந்தான். அங்கிருந்து குரல் வந்தது. "மூணு இல்ல மேஸ்திரி, ஒண்ணேதான். இன்னொண்ணு செய்ய எவனுக்கும் தைரியம் வராது. அடிச்சட்டம் பால் வேனோடது. கியர்பாக்ஸ் ஒரு வாடகைக் காரோடது. அப்பன் பால் வேன், ஆத்தா டாக்ஸி, பொறந்தவன் மட்டும் ராஜகுமாரன்."

"நம்பர் ஏதாவது இருக்கா?" என்றாள் கண்ணாடியம்மா.

"இருந்த இடத்துல துரு இருக்கு மேடம்."

அக்கா கைப்பையிலிருந்து பழைய போட்டோவை எடுத்தாள். கொட்டகை வாசலில் பச்சைக் கார். அதைச் சுற்றி அப்பா, அண்ணன், இரட்டைப் பின்னலோடு அவள். வாசலின் ஒரு பக்கச் சுவரைக் காணவில்லை.

"சுவர் எங்க போச்சு?" என்று கேட்டபடி லொடக்கு வெளியே வந்தான்.

"உடைச்சுட்டாங்க" என்றாள் அக்கா. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "மூணு வருஷம் வண்டி கட்டினவர் ஒரு நாளும் வாசலை அளக்கலை. வெளிய எடுக்கிற அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, வண்டி அகலம், வாசல் ஒடுக்கம். மொதல்ல கதவைக் கழட்டினாங்க. அப்புறம் நிலையைக் கழட்டினாங்க. அப்பவும் போகலை. அப்பா கோபத்துல சுவரை இடிச்சாரு. எங்கம்மா ஒரு வாரம் பேசலை."

கண்ணாடியம்மா போட்டோவையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க வண்டிக்கு மூக்கு மொட்டையா இருக்கு. இதுக்குக் கூர்மையா நீட்டிட்டு இருக்கு."

"ஆமா!" என்று அக்கா பரபரத்தாள். "மூக்கு சுத்தமா வேற. நிறமும் வேற. எங்க வண்டிக் கதவுக்கு வெளியே கைப்பிடியே கிடையாது, உள்ளே கையை விட்டுக் கயிறைப் பிடிச்சு இழுக்கணும். இதுக்குப் பாருங்க, பளபளன்னு கைப்பிடி."

"அப்புறம் என்னக்கா, கேஸ் முடிஞ்சுது" என்றான் லொடக்கு. "உருண்டை வால் யாரு வேணும்னாலும் வைக்கலாம். என் மச்சானுக்கே ஒண்ணு இருக்கு."

அக்கா சிரித்தேவிட்டாள். போனை எடுத்து, அப்பாவின் எண்ணைத் தேடவும் ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது லொடக்குக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி. இந்தக் கேஸ் இத்தோடு முடிந்துவிட வேண்டுமே என்று மனசார வேண்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி தன் பாட்டுக்குப் புலம்பினார். "வெளிநாட்டு வண்டின்னு பேரு. இடது மட்கார்டுக்கும் வலது மட்கார்டுக்கும் ரெண்டு விரக்கடை வித்தியாசம். வலது பக்கத்தை எவனோ அரம் போட்டுத் தேய்ச்சு ஒடுக்கியிருக்கான். சமப்படுத்திச் சமப்படுத்தி என் தோள்பட்டை கழண்டு போச்சு."

அக்காவின் விரல் போனில் அப்படியே நின்றது.

"சுவரை இடிக்கிறதுக்கு முன்னாடி அப்பா வேற ஏதாவது செஞ்சு பார்த்தாரா?" என்று கண்ணாடியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு பக்க மட்கார்டை அரம் போட்டுப் பார்த்தாரு" என்றாள் அக்கா.

"ரெண்டு விரக்கடையை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணக் கூடாது மேடம்" என்று லொடக்கு வக்காலத்து வாங்கினான். "என் வீட்டு ஜன்னலே கோணல்தான்."

"முடிவு பண்ணலை" என்ற கண்ணாடியம்மா காரின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். அறுப்பதற்குக் கோடு போட்டு, சோதனைக்காக ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு மேஸ்திரி ஏற்கெனவே வெட்டிப் பார்த்திருந்தார். அந்த வெட்டின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தைத் தடவினாள், மேஜையைத் தடவினாள். "மேல, நெத்திக்கு மேல" என்றான் லொடக்கு. கண்ணாடி இறங்கியது.

"மேஸ்திரி, இந்த உடம்பு எதால செஞ்சது?"

"ஃபைபர்மா. கண்ணாடி நார்ல செஞ்ச மேட்டு விக்கும். அதை விரிச்சு, மேல ரெசின் பசையை ஊத்திக் காய விட்டா கல்லு மாதிரி ஆயிடும். தகடு தட்டத் தெரியாதவங்க வீட்ல வண்டி கட்டுற வழி இதுதான்."

"அந்த மேட்டு என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்ப இதுல மஞ்சள் நூல் எப்படி வந்துச்சு?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

கண்ணாடியம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள். "அப்பா வண்டி கட்டின மூணு வருஷத்துல உங்க வீட்ல என்னென்ன காணாமப் போச்சு?"

கேள்வி லொடக்குக்கே விநோதமாகப் பட்டது. ஆனால் அக்கா யோசிக்காமலே சொன்னாள். "திரைச்சீலை. முன் அறை ஜன்னலோடது. மஞ்சள்ல குட்டிக் குட்டியாப் பாய்மரப் படகு போட்டது, எங்கம்மா ஆசை ஆசையா வாங்கினது. சலவைக்குப் போட்டது திரும்பி வரலைன்னு லாண்டரிக்காரரோட சண்டை. சாகிற வரைக்கும் அம்மா அவரைக் கழுவிக் கழுவி ஊத்தினாங்க. அவரும் பாவம், இல்லைம்மா, என்கிட்ட வரவே இல்லைம்மான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"மேட்டு விக்கிற கடை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?"

"இருக்காது" என்றாள் அக்கா. "அப்பாவுக்குத் திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கத் தெரியாது."

மேஸ்திரி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். சிவப்பு போயிற்று. சிவப்புக்குக் கீழே கறுப்பு, அதற்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்கும் கீழே ஒரு பச்சை வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பச்சையும் போய், தேன் நிறத்தில் ரெசின் தெரிந்தது. மேஸ்திரி ஈரத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார். கண்ணாடிக்குள் வைத்தது போல ஒரு பாய்மரப் படகு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் வரிசையாக ஆறேழு படகுகள் காரின் வாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

கண்ணைத் திறந்த அக்கா அப்படியே பட்டி டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைக் கொல்வதற்கு ஆதாரம் தேடித் தரச் சொல்லித் தானே ஆள் பிடித்து வந்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு.

லொடக்குக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் தலையை விட்டான். உள்பக்கம் பெயின்ட் அடிக்காத வெற்று ஃபைபர். "மேடம்! இங்க பாருங்க. வண்டிக்குச் சட்டைப் பையெல்லாம் வெச்சிருக்காங்க!"

உண்மைதான். உள்ளே ஒரு விரிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டுப் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணியால். பை, பொத்தான் எல்லாம் அப்படியே ரெசினுக்குள் உறைந்திருந்தன.

அக்கா எழுந்து ஓடி வந்தாள். "அண்ணன் சட்டை. அன்னிக்கு இதைப் போட்டுட்டுத்தான் போனான்."

"அப்பா கத்துக்குடுத்த வித்தை" என்றாள் கண்ணாடியம்மா. "வீட்டை விட்டுப் போனப்புறம் எங்கயோ இடிச்சிருக்கார். தானே ஒட்டியிருக்கார்."

"இன்னொண்ணும் இருக்கு" என்று லொடக்கு டார்ச்சை நகர்த்தினான். சக்கரத்துக்கு மேலே இரண்டாவது ஒட்டு. வெள்ளைத் துணியில் குட்டிக் குட்டிச் சிவப்புக் குடைகள். ஓரத்தில் சுருக்கு வைத்த கைப்பகுதி. கண்ணாடியம்மா அதன் மேல் விரலை வைத்து அளந்தாள். "மூணு வயசுக் குழந்தையோட கவுன்."

அக்கா அந்தச் சுருக்கை விரலால் தடவினாள்.

"அண்ணனுக்குக் குழந்தை இருக்கா?" என்றாள் அக்கா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளைத் திக்குமுக்காட வைத்தன. "மேடம், அப்படின்னா குழந்தை குட்டின்னு நல்லாத்தானே இருந்திருக்கான்? வண்டியை வித்திருக்கலாம்ல? குழந்தைக்காக வித்திருக்கலாம்ல? ரெண்டு சீட்டு வண்டில எப்படி மூணு பேர் போவாங்க?"

"நியாயமான கேள்வி" என்றான் லொடக்கு. "என் பொண்டாட்டி மொதல்ல விக்கச் சொன்னதே என் மோட்டார் சைக்கிளைத்தான்."

அவன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒரு மாற்றமும் இல்லை. அவள் காரின் முன்பக்கம் போய், அந்தக் கூர்மூக்கின் உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சட்டையும் இல்லை, கவுனும் இல்லை. விளக்கிலிருந்து ஓட்டுகிறவர் பக்கக் கதவு வரைக்கும் புத்தம் புது வெள்ளை மேட், நூல் பிடித்த மாதிரி சுத்தமான வேலை.

"மேஸ்திரி, இந்த மூக்கு யார் வேலை?"

"மூக்கு, கதவுக் கைப்பிடி எல்லாம் என் வேலைதான்மா" என்று மேஸ்திரி பெருமையாகச் சொன்னார். "போன வருஷம் வண்டி இங்க வந்தப்ப மூக்கே இல்ல. மூஞ்சி மொத்தமும் நசுங்கி, எதுவோட மோதுச்சோ, அப்பளம் மாதிரி கிடந்துச்சு. உடைசல் கடையில அப்படியே நாலு வருஷம் கிடந்ததாம். பல் டாக்டர் அங்கதான் எடுத்தாரு. ஸ்டியரிங் தண்டு கூட வளைஞ்சு சீட்டைத் தொட்டுட்டு இருந்துச்சு. அந்த டிரைவர் சீட்டை நான்தான் பிடுங்கி வீசினேன். கண்ணால பார்க்க..." அப்போதுதான் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எது வேறாக இருக்கிறது என்று அக்கா குதித்தாளோ, அந்த மூக்குதான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஸ்டியரிங்கை இன்னொருத்தன் கையில் கொடுக்காதவன்தான் அந்தச் சீட்டில் இருந்திருக்க வேண்டும்.

"பக்கத்து சீட்டு?" என்றாள் கண்ணாடியம்மா.

"அதுல ஒரு கீறல் கூட இல்லம்மா. இப்ப இருக்கிறது அதே சீட்டுதான். யாரும் உக்காந்திருக்கலை போலிருக்கு."

அக்காவின் கையிலிருந்த போன் அடித்தது. அப்பா. அவள் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எடுத்தாள். அவருக்குக் காதும் மந்தம் என்பதால் போனிலும் உரக்கத்தான் பேசுவார். அவர் பேசியது பட்டறை முழுக்கக் கேட்டது.

"பார்த்தியா?"

"பார்த்துட்டு இருக்கோம்ப்பா."

"மேலாலப் பார்த்தா தெரியாதும்மா. உப்புத்தாள் போடச் சொல்லு. பின்னாடி, வால் பக்கம்." மூச்சு வாங்க ஒரு இடைவெளி. "அதுக்குள்ள உங்கம்மாவோட மஞ்சத் திரை இருக்கும். மேட்டு தீர்ந்து போச்சுன்னு நான்தான் எடுத்து வெச்சு ஒட்டினேன். அவகிட்டச் சொல்ல எனக்கு தைரியம் வரலை. லாண்டரிக்காரன் பேர்ல விழுந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. படகு படகா இருக்கும். இருக்கா பாரு."

அக்கா படகுகளைப் பார்த்தாள். ஈரம் காயாமல் அவை பளபளவென்று இருந்தன.

"உப்புத்தாள் போட்டுப் பார்த்தாச்சுப்பா" என்றாள். "வெறும் வெள்ளை மேட்டுதான். திரையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நல்லாத் தேய்ச்சாங்களா?"

"நல்லாத் தேய்ச்சாங்கப்பா. இது யாரோ வெளிநாட்டுக்காரன் வண்டி."

மறுபக்கம் நீளமாக ஒரு மூச்சு. அப்புறம் ஒரு சிரிப்பு, இருமல், மறுபடியும் சிரிப்பு. "அதானே பார்த்தேன். குடுக்க மாட்டான் அவன். அப்ப ஓட்டிட்டு இருக்கான்."

"ஆமாப்பா. ஓட்டிட்டு இருக்கான்."

"வரும்போது பால் வாங்கிட்டு வா. காபி குடிச்சு நாலு நாளாச்சு."

அவள் போனை அணைத்து, முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வாசலில் பல் டாக்டரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி நாலு.

கண்ணாடியம்மா மேஸ்திரியிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் குடை போட்ட அந்த ஒட்டை மட்டும் ஒரு தட்டு அளவுக்கு அறுத்தெடுத்து, ஓரம் குத்தாமல் இருக்க அரம் போட்டு, அக்காவின் கையில் கொடுத்தார். அவள் அதைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் குழந்தையைத் தேட முடியுமா மேடம்?"

"குடை போட்ட கவுனை எத்தனையோ ஆயிரம் குழந்தைங்க போட்டிருக்கும்" என்றாள் கண்ணாடியம்மா. "கிடைக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

"தேடுங்க. கிடைச்சா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அப்பா இருக்கிற வரைக்கும் அந்தக் குழந்தை அங்க வர முடியாது."

லொடக்கு இதை ஒரு முறைக்கு இரண்டு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். பேரக்குழந்தை வந்தால் மகன் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். மகன் இருக்க வேண்டுமென்றால் குழந்தை இருக்கக் கூடாது. இதற்கு வெளியே வர எங்கேயும் ஒரு வாசல் இல்லை. இடிப்பதற்குச் சுவரும் இல்லை.

மேஸ்திரி கிரைண்டரைக் கையில் எடுத்து, படகுகளுக்கு நேரே வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தார். "இதையும் தனியா அறுத்துத் தரட்டுமாம்மா?"

"வேண்டாம்" என்றாள் அவள். "வீட்ல வெச்சுக்க முடியாது. குறுக்கால அறுத்துடுங்க."

பல் டாக்டர் உள்ளே வந்து நின்றதும் கிரைண்டர் அலறியது. மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அவள் பால் வாங்கக் கடைப் பக்கம் நடந்து போனாள். கண்ணாடியம்மா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்தாள். இரண்டிலும் மஞ்சளாகத் தூள் படிந்திருந்தது.

"லொடக்கு, ஏதாவது பேசேன்" என்றாள்.

அவன் வாயைத் திறந்து பார்த்தான். "ஒண்ணும் வரலை மேடம்" என்றான்.